தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனால் எழுதி வையுங்கள்

கிளினிக்கிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்கவிருந்து, கடைசி நொடியில் நடக்காமல் போன தவறுகளை 'நியர் மிஸ்' என்பார்கள். அவற்றைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் மருத்துவக் குழுவின் பதில்களும்:

ஸ்டாஃப் நர்ஸ், திருவண்ணாமலை மாவட்டம்: ஊசியில் மருந்தை ஏற்றும்போதே ஆம்பூல் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டோம். நோயாளிக்கு ஒன்றுமில்லை. அதையும் எழுதி வையுங்கள் என்கிறார் புதிதாக வந்த டாக்டர். நடக்காததை எதற்காக எழுதுவது?

நாளைக்கும் அந்த ஆம்பூல் அதே டிரேயில்தான் இருக்கும். டூட்டியில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

இந்த வழக்கம் விமானத் துறையிலிருந்து வந்தது. 1974 டிசம்பர் 1 அன்று, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே இறங்கவிருந்த டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். இறங்க வரலாம் என்று தரையிலிருந்து வந்த அனுமதியை, உடனே உயரத்தைக் குறைக்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். சுமார் ஆறு வாரத்துக்கு முன் வேறொரு கம்பெனியின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தில் மாட்டி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் கம்பெனியிடம் சொன்னார்கள். கம்பெனியும் தன் விமானிகளை எச்சரித்தது. செய்தி அந்த வாசலைத் தாண்டவில்லை. இதற்குப் பிறகுதான் 1976-ல் தப்பிய தவறுகளைத் திரட்ட நாசா ஓர் அமைப்பை நடத்தத் தொடங்கியது. தவறு செய்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் நாசாவுக்குக் கிடையாது; அதனால்தான் பொறுப்பு அதனிடம் போனது. படிவத்தில் அனுப்பியவரின் பெயர் இருக்கும் துண்டைக் கிழித்து அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தனி கிளினிக் நடத்தும் டாக்டர், தேனி: நான்கு பணியாளர்கள், தினமும் 70 நோயாளிகள். பெரிய மருத்துவமனைப் படிவம் ஒன்றை வாங்கிப் பார்த்தேன், நான்கு பக்கம்! எங்களைப் போன்றவர்கள் எப்படித் தொடங்குவது?

நான்கு பக்கப் படிவத்தை யாரும் நிரப்பமாட்டார்கள். தாளை நான்காகக் கிழித்த கால்தாள் போதும். எழுத இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. எப்போது எழுதுவது என்று பணியாளர்களுக்கு வகுப்பெடுக்கவும் வேண்டாம். யார் வாயிலிருந்தாவது 'நல்லவேளை' என்ற சொல் வந்தால் ஒரு கார்டு எழுதவேண்டும், அவ்வளவுதான். நிரப்பிய கார்டு ஒன்று இப்படி இருக்கும்:

*எப்போது, எங்கே:* செவ்வாய் காலை 11.40, மருந்து கொடுக்கும் ஜன்னல்.
*என்ன நடந்தது:* ஒன்றரை வயதுக் குழந்தை, 10 கிலோ. சீட்டில் 'பாரசிட்டமால் 6 மி.லி.' சிரப் தீர்ந்திருந்ததால் சொட்டு மருந்து பாட்டில் கொடுக்கப்பட்டது.
*எப்படித் தப்பியது:* 'இந்த ஃபில்லரில் 1 மி.லி.க்கு மேல் கோடே இல்லையே, ஆறு தடவை உறிஞ்சவா?' என்று அம்மா கேட்டார்.
*தப்பாமல் போயிருந்தால்:* 150 மி.கி.க்குப் பதில் 600 மி.கி.
*ஏன் நடந்தது:* சீட்டில் மி.லி. மட்டும் இருந்தது. இரண்டு பாட்டிலும் ஒரே தட்டில். அன்று கூட்டம்.

கணக்கைக் கவனியுங்கள். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி., சொட்டு மருந்தில் ஒரே மி.லி.யில் 100 மி.கி. அதே 6 மி.லி. நான்கு மடங்காகிவிடுகிறது. 15 மி.லி. சொட்டு மருந்து பாட்டில் மூன்றாவது வேளைக்குள் காலி. குழந்தையின் கல்லீரலுக்கு உண்மையிலேயே ஆபத்தான அளவு அது.

வாரம் ஒரு நாள், ஓ.பி. தொடங்குவதற்கு முன் 15 நிமிடம் எல்லோரும் உட்காருங்கள். கூட்டிப் பெருக்குபவரும் இருக்கட்டும். எந்தப் பாட்டில் எங்கே இடம் மாறுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எல்லாக் கார்டையும் அலசாதீர்கள். திரும்பத் திரும்ப வருவது எது, தப்பாமல் போயிருந்தால் பெரிய ஆபத்து எது என்று பார்த்து ஒன்றை மட்டும் எடுங்கள்.

'இனிமேல் கவனமாக இருக்கவும்' என்று முடிவெழுதினால் அந்தக் கூட்டம் நடக்காததற்குச் சமம். மேலே உள்ள கார்டுக்கு என்ன செய்யலாம்? சீட்டில் மி.கி., மி.லி. இரண்டையும், சிரப்பா சொட்டு மருந்தா என்பதையும் எழுதலாம். சொட்டு மருந்தை வேறு அலமாரிக்கு மாற்றலாம். எழுதிய மருந்து இல்லையென்றால் சீட்டு டாக்டரிடம் திரும்பி வரவேண்டும், ஜன்னலில் மாற்றக்கூடாது என்று விதி வைக்கலாம். மூன்றில் கடைசி விதிதான் முதலில் மீறப்படும், ஏனென்றால் கூட்ட நேரத்தில் உங்களிடம் வந்து நிற்க மருந்தாளுநருக்கு நேரமிருக்காது. அலமாரியை மாற்றினால் மாற்றியதுதான், அதற்கு யாருடைய ஞாபகசக்தியும் தேவையில்லை.

மருந்தாளுநர், விருதுநகர்: இன்சுலினில் அடிக்கடி குழப்பம் வருகிறது. எந்தெந்தக் குழப்பத்தைக் கார்டில் எழுதச் சொல்வீர்கள்?

நம் ஊரில் இன்சுலின் வயல் (ஊசியால் உறிஞ்சும் மருந்துக் குப்பி) பெரும்பாலும் யூ-40, அதாவது மி.லி.க்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவுக்குள் போடும் காட்ரிட்ஜ் (மருந்துக் குழல்) யூ-100, அதாவது மி.லி.க்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: யூ-40க்கு சிவப்பு மூடி, யூ-100க்கு ஆரஞ்சு மூடி. மங்கலான வெளிச்சத்தில் வயதானவர்களுக்கு இரண்டும் ஒரே நிறம்தான்.

பேனா உடைந்ததால் காட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை உறிஞ்சுகிறார் ஒருவர் என்று வையுங்கள். உள்ளே வந்தது அரை மி.லி., அதாவது 50 யூனிட். ராத்திரியே சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். ஆபத்து என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தலைகீழாக நடப்பதுதான் கண்ணுக்குத் தெரியாதது. யூ-40 வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு உறிஞ்சினால் கிடைப்பது 8 யூனிட்தான். சர்க்கரை குறையாது. டாக்டர் 24 ஆக்குவார், பிறகு 30. ஒருநாள் கடைக்காரர் சரியான சிரிஞ்சைக் கொடுப்பார், அன்றைக்கு 30 யூனிட்டும் முழுதாக உள்ளே போகும். அளவைக் கூட்டியும் சர்க்கரை இறங்காத நோயாளியிடம் சிரிஞ்சைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. மூடி மாறியிருந்தால் கார்டு எழுதுங்கள். இங்கே மருந்து உடம்புக்குள் போய்விட்டது, ஆகவே கறாராகச் சொன்னால் இது தப்பிய தவறு இல்லை, நடந்த தவறு. பெயரில் என்ன இருக்கிறது, எழுதுங்கள். நோயாளியிடமும் சொல்லுங்கள், அவருடைய சீட்டிலும் குறியுங்கள்.

இன்னொன்று. 'யூனிட்' என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். எண்ணுக்குப் பின்னால் ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் போட்டால் அது பூஜ்யம்போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும்.

ஆய்வக நுட்புநர், ஈரோடு: எழுதினால் மெமோ வராதா? வழக்கு வந்தால் அந்தக் கார்டையே சாட்சியாகக் காட்டமாட்டார்களா?

நியாயமான பயம். அமெரிக்காவில் 2005-ல் வந்த சட்டம் ஒன்று, உரிய அமைப்புக்கு அனுப்பப்படும் இத்தகைய தகவல்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. இந்தியாவில் இதற்கென்று தனிச்சட்டம் இல்லை. ஆகவே கார்டில் நோயாளி பெயர், ஓ.பி. எண், பணியாளர் பெயர் எதுவும் வேண்டாம். வயதும் எடையும் தேவைப்பட்டால் மட்டும். மாற்றம் செய்து முடித்ததும் கார்டைக் கிழித்துவிட்டு, என்ன மாற்றினோம் என்பதை மட்டும் நோட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நோயாளிக்குப் பாதிப்பு ஏற்பட்டிருந்தால் அது வேறு விஷயம். அதை மறைக்கக் கார்டைப் பயன்படுத்தக்கூடாது. கேஸ் ஷீட்டில் உள்ளபடி எழுதியே ஆகவேண்டும். மருந்தால் வந்த பாதிப்பு என்றால் 1800-180-3024 என்ற தேசிய மருந்துக் கண்காணிப்பு உதவி எண்ணும் இருக்கிறது.

மெமோவைப் பொறுத்தவரை, மெமோ கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் கார்டு போடும் பெட்டியைத் திறக்கக்கூடாது. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் கையெழுத்தைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும், ரகசியம் என்பதெல்லாம் சும்மா. அங்கே ஒரே வழி, முதல் கார்டை டாக்டர் தன்னுடைய தவறைப் பற்றி எழுதி, எல்லோர் முன்னும் படிப்பது.

கிராம சுகாதார செவிலியர், நாகப்பட்டினம்: தடுப்பூசியில் எது நடந்தால் கட்டாயம் எழுதவேண்டும்?

கரைக்கும் திரவம் தொடர்பான எதுவானாலும். பி.சி.ஜி.யும் தட்டம்மை-ரூபெல்லாவும் தூளாக வருபவை. அந்தந்தக் கம்பெனி தரும் திரவத்தில்தான் கரைக்கவேண்டும்; கரைத்து 4 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். 2014-ல் சிரியாவின் இட்லிப் பகுதியில், திரவம் என்று நினைத்து அட்ராகுரியத்தில் கரைத்து, 15 குழந்தைகள் இறந்தன. அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து அது. அதையும் குளிரில்தான் வைக்கவேண்டும் என்பதுதான் வினை. 2018-ல் சமோவா தீவில் இதேபோல மயக்க மருந்து மாறி இரண்டு குழந்தைகள் இறந்தன. இரண்டு செவிலியர்களுக்கு 5 ஆண்டு சிறை. தடுப்பூசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது, மக்களின் நம்பிக்கையும் போனது. அடுத்த ஆண்டு தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

ஆகவே ஐ.எல்.ஆரில் (தடுப்பூசிக்கான குளிர்பெட்டியில்) தடுப்பூசியும் அதன் திரவமும் தவிர வேறு ஏதாவது இருந்தால், அது இன்சுலினாக இருந்தாலும், யாரோ வைத்த தண்ணீர் பாட்டிலாக இருந்தாலும், உடனே எடுத்துவிட்டுக் கார்டு எழுதுங்கள். கரைத்த வயலில் நேரம் குறிக்காமல் இருந்தாலும் எழுதுங்கள். அந்த வயலைப் பயன்படுத்தாதீர்கள்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: மாதாமாதம் வாங்கும் பி.பி. மாத்திரையின் நிறம் மாறியிருந்தது. கேட்டால், 'எல்லாம் ஒன்றுதான் போங்கம்மா' என்று விரட்டுகிறார்கள்.

பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், கம்பெனி மாறியிருக்கும். ஆனாலும் பழைய ஸ்ட்ரிப்பைப் பெயரும் மி.கி.யும் தெரியும்படி கொண்டுபோய், புதியதோடு சேர்த்துப் பிடித்துக் காட்டி, 'இரண்டிலும் பெயர் ஒன்றா, மி.கி. ஒன்றா, பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். மாத்திரையைக் கத்தரிக்கும்போது பெயரும் தேதியும் இருக்கும் பக்கத்தை அவர்கள் வெட்டி எறிந்தால், அதைக் கேட்டு வாங்குங்கள். தேனி டாக்டருக்குச் சொன்ன பதிலில் ஒரு குழந்தையைக் காப்பாற்றியது அம்மாவின் கேள்விதான்.

மருத்துவ அலுவலர், கடலூர்: முதல் மாதம் 14 கார்டு. நான்காம் மாதம் ஒன்றுகூட இல்லை. தவறுகள் குறைந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். எழுதுவது நின்றிருக்கிறது. அந்த 14 கார்டால் என்ன மாறியது என்று உங்கள் பணியாளர்களைக் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. கார்டு எண்ணிக்கையை இலக்காக வைப்பதும், குறைவான கார்டு என்று பாராட்டுவதும் இரண்டுமே கெடுதல். முதலாவதில் ஒப்புக்கு எழுதுவார்கள், இரண்டாவதில் மறைப்பார்கள்.

பழைய 14 கார்டில் ஒன்றை எடுங்கள். ஒரே வாரத்தில் செய்யக்கூடியதாக, செலவில்லாததாக இருக்கட்டும். செய்துவிட்டு, ஓய்வறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்: 'ஆம்பூல் டிரே மாறிய கார்டு எழுதியவருக்கு நன்றி. வியாழன் முதல் அட்ரினலின் தனிச் சிவப்பு டப்பாவில்.' பெட்டியில் பேனா இருக்கிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் கார்டு நின்றதற்கு அதுவும் காரணம்.