தரைப்படை கேட்டதும் விமானம் வராதது ஏன்?

கேள்வி: கார்கில் போரில் தரைப்படை கேட்டும் விமானப்படை உடனே களமிறங்கவில்லை என்கிறார்களே, ஒரே நாட்டின் இரு படைகளுக்குள் ஏன் இந்தத் தாமதம்? - வாசகர், தென்காசி

பதில்: பழியை விமானப்படையின் மீது மட்டும் போடுவது நியாயமாகாது. 1999 மே மாதத்தில் தரைப்படை முதலில் கேட்டது ஆயுதம் தாங்கிய ஹெலிகாப்டர்களை. அவ்வளவு உயரத்தில் அவை எதிரியின் ஏவுகணைகளுக்கு எளிதில் இரையாகும் என்றும், வான்தாக்குதல் போரைப் பெரிதாக்கக்கூடும் என்பதால் அரசின் ஒப்புதல் அவசியம் என்றும் விமானப்படை வாதிட்டது. கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையுடன் ஒப்புதல் கிடைத்து, மே 26 அன்று ‘ஆபரேஷன் சஃபேத் சாகர்’ தொடங்கியது. மறுநாளே இரண்டு போர் விமானங்களை இழந்தோம். 28ஆம் தேதி எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். அதன் பிறகே ஆயுத ஹெலிகாப்டர்கள் தாக்குதலிலிருந்து விலக்கப்பட்டன.

தாக்க வேண்டிய இடம் எது, நம் வீரர்கள் எங்கே இருக்கிறார்கள், நமது பீரங்கிகள் எப்போது ஓய வேண்டும் என்பவை விமானம் கிளம்பும் முன்பே இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். மலைமுகட்டில் கற்களை அடுக்கிக் கட்டிய ஒரு சிறு பதுங்குகுழி, வேகமாகக் கடந்து செல்லும் விமானியின் கண்ணுக்குச் சுற்றியுள்ள பாறைகளோடு பாறையாகவே தெரியும். காற்று அடர்த்தி குறைந்த அந்த உயரத்தில் குண்டும் வழக்கமான கணக்குப்படி விழாது. ஜூன் 24 அன்று மிராஜ்-2000 விமானங்கள் டைகர் ஹில்லில் லேசர் வழிகாட்டிக் குண்டுகளை வீசியதையே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு முந்தோ தாலோவில் எதிரியின் விநியோக முகாமை அழித்ததுதான் என் கணிப்பில் பெரிய அடி. தரைப்படை தன் தேவையைச் சொல்லி, அதற்கு எங்கே அடிப்பது என்பதை விமானப்படையிடம் விட்டால் கிடைக்கும் பலன் அது.

கேள்வி: அப்படியானால் ஒவ்வொரு பகுதியிலும் முப்படைகளையும் ஒரே தளபதியின் கீழ் வைத்துவிடலாமே? - அதே வாசகர்

பதில்: 2020 ஜனவரியில் ஜெனரல் பிபின் ராவத் முதல் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றதிலிருந்து பேசப்பட்டுவரும் திட்டம் இதுதான். விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட 42 ஸ்குவாட்ரன்களே (போர் விமான அணிகள்) முழுமையாக இல்லாதபோது, இருப்பதையும் பகுதிவாரியாகப் பங்கிட்டால், ஓரிடத்தில் விமானங்கள் சும்மா நிற்க, இன்னோரிடத்தில் பற்றாக்குறை ஏற்படும் என்பது அப்படையின் அச்சம். அதில் நியாயம் உண்டு. ஆனால், முடிவெடுக்கும் அதிகாரமுள்ள விமானப்படை அதிகாரி ஒருவரை அந்தந்தப் பகுதித் தலைமையகத்தில் அமர்த்துவதற்குக் கூடுதலாக ஒரு ஸ்குவாட்ரன்கூடத் தேவையில்லை.