புதுப்பிக்கும் முன்… மின்பாட மென்பொருள் கேள்வி–பதில்

கேள்வி: பழைய அடோபி கேப்டிவேட்டில் செய்த பாடங்கள் நிறைய இருக்கின்றன. புதிய கேப்டிவேட்டில் அவற்றைத் திறந்து திருத்த முடியுமா?
– கல்லூரி ஆசிரியர், திருச்சி

முடியாது. 2023இல் வந்த கேப்டிவேட் அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. பழைய கேப்டிவேட் பாடங்களைச் சேமிக்கும் சிபிடிஎக்ஸ் கோப்பைத் திறக்காது. பழையதற்கு இப்போது 'கேப்டிவேட் கிளாசிக்' என்று பெயர். இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அவசரப்பட்டு கிளாசிக்கை நீக்கிவிடாதீர்கள். தேதி, பெயர் போன்ற சின்னத் திருத்தம் மட்டும் தேவைப்படும் பாடங்கள் அதிலேயே இருக்கட்டும். மாணவர்கள் கைபேசியில் படிக்கும் பாடங்களை மட்டும் புதியதில் திரும்பக் கட்டுங்கள்.

கட்டும்போது எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டியதில்லை. கிளாசிக்கின் லைப்ரரியில் படத்தையோ ஒலியையோ வலது க்ளிக் செய்தால் எக்ஸ்போர்ட் வரும். ஃபைல் மெனுவின் எக்ஸ்போர்ட்டில் 'ப்ராஜெக்ட் கேப்ஷன்ஸ் அண்ட் க்ளோஸ்டு கேப்ஷன்ஸ்' கொடுத்தால் வாசகங்கள் வேர்ட் கோப்பாகக் கிடைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் அந்தக் கோப்பிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கருவியில் தமிழ் வரி முழுக்க ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும்.

கேள்வி: ஸ்டோரிலைன் 360 என்ற மின்பாட மென்பொருளை அப்டேட் செய்து, சில ஸ்லைடுகள் சேர்த்து, பாடத்தை மூடுலில் (பாடங்களை ஏற்றி மாணவர்களுக்குத் தரும் இணையத் தளம்) மறுபடி ஏற்றினோம். பாதியில் நிறுத்தியவர்களுக்கு விட்ட இடம் திறக்கவில்லை. அப்டேட்தான் காரணமா?
– பயிற்சிப் பிரிவு, கோவை

அப்டேட் மட்டும் செய்தால் மூடுலில் ஏற்கெனவே இருக்கும் பாடம் மாறாது. திரும்ப பப்ளிஷ் செய்து, பழைய பேக்கேஜுக்கு (பப்ளிஷ் செய்தால் கிடைக்கும் பாடத் தொகுப்பு) மேலேயே ஏற்றியதுதான் சிக்கல். 'எங்கே நிறுத்தினார்' என்ற குறிப்பைப் பழைய பேக்கேஜ் எழுதிவைத்திருக்கிறது. ஸ்லைடு வரிசை மாறிய புதிய பேக்கேஜுக்கு அது பொருந்தாது. நடுவில் ஆட்கள் இருக்கும்போது மேலே ஏற்றாதீர்கள். புதிய பாடத்தைத் தனி ஆக்டிவிட்டியாகப் போடுங்கள், பழையவர்கள் முடிக்கும்வரை பழையது இருக்கட்டும். மூடுலில் ஒவ்வொரு முறையும் பாடத்தைப் புதிதாகத் தொடங்கவைக்கும் 'ஃபோர்ஸ் நியூ அட்டெம்ப்ட்'டை 'ஆல்வேஸ்' என்று வைப்பது தீர்வல்ல; அப்புறம் யாராலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதே கோளாறு வருகிறதா? ஓர் ஸ்லைடு வரை சரியாகத் தொடர்ந்து, அதற்குமேல் எவ்வளவு படித்தாலும் அதே ஸ்லைடுக்கே திரும்புகிறது என்றால் இடப்பற்றாக்குறை. பாடமும் மூடுலும் பேசிக்கொள்ளும் தரநிலையான ஸ்கார்மின் 1.2 பதிப்பு இந்தக் குறிப்புக்கு 4,096 எழுத்துதான் தருகிறது. கேள்வி வங்கியும் நீள விடை தட்டும் பெட்டியும் அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும். மூடுல் அல்லாத வேறு எல்எம்எஸ் (கற்றல் மேலாண்மைத் தளம்) என்றால் 64,000 எழுத்து தாங்கும் ஸ்கார்ம் 2004 நான்காம் பதிப்பில் பப்ளிஷ் செய்யச் சொல்வோம். மூடுல் அதை முழுமையாக ஆதரிப்பதில்லை. எனவே 1.2லேயே இருந்துகொண்டு, அட்மினிடம் சொல்லி ஸ்கார்ம் ப்ளகின் அமைப்பில் 'ஸ்கார்ம் 1.2 ஸ்டாண்டர்ட்ஸ் மோட்' என்பதை அணைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 360இல் சேமித்த கோப்பை ஸ்டோரிலைன் 3 வைத்திருப்பவர் திறக்கலாமா?
– வாசகி, சேலம்

திறக்காது. ஸ்டோரிலைன் 3 கோப்பு 360இல் திறக்கும், திரும்பி வராது. எனவே 360இல் திறக்கும் முன்பே மூலக்கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, பெயரில் பதிப்பு எண்ணையும் சேர்த்து வையுங்கள். எல்லாரும் 360 என்றாலும் குழு முழுக்க ஒரே அப்டேட்டில் இருப்பது நல்லது.