வீட்டில் செய்யும் குரல் ரெக்கார்டருக்கு எந்த மெமரி கார்டு?

கேள்வி: மைக்ரோகண்ட்ரோலரை வைத்து நானே ஒரு குரல் ரெக்கார்டர் செய்யப் போகிறேன். நிறுத்தாமல் எட்டு மணி நேரம் பதிவாக வேண்டும். எத்தனை ஜிபி கார்டு வாங்குவது? வேகமான கார்டு போட்டால்தான் பேச்சு இடையில் அறுந்து போகாது என்கிறார்கள், உண்மையா? கையில் அர்டுயினோ ஊனோ இருக்கிறது, அதுவே போதுமா?

பதில்: கார்டின் வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை போர்டில் போடுங்கள்.

முதலில் கணக்கு. பேச்சு தெளிவாகக் கேட்க நொடிக்கு 16,000 சாம்பிள் (ஒலியை ஒரு முறை அளந்து எடுக்கும் மதிப்பு), ஒவ்வொன்றும் 16 பிட், ஒரே சேனல் என்று வைத்தால் போதும். அது நொடிக்கு 32,000 பைட். மணிக்கு 115 எம்பி, எட்டு மணி நேரத்துக்குச் சுமார் 920 எம்பி. 8 ஜிபி கார்டிலேயே கிட்டத்தட்ட 70 மணி நேரம் அடங்கிவிடும். தொலைபேசித் தரம் போதுமென்றால் 8,000 சாம்பிள், 8 பிட். இடம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் மங்கிப்போகும். இடம்தான் தாராளமாக இருக்கிறதே, ஏன் குறைக்க வேண்டும்?

வேகத்துக்கு வருவோம். கிளாஸ் 4 கார்டே நொடிக்கு 4 எம்பி எழுதும். உங்கள் தேவையைப் போல 125 மடங்கு! பிறகு ஏன் பேச்சு அறுகிறது என்றால், கார்டு தன் உள்வேலைக்காக அவ்வப்போது எழுதுவதை நிறுத்திவைக்கும். ஒரு முறை எழுத 250 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ள எஸ்டி விதிமுறையே இடம் தருகிறது. மைக் அதற்காகக் காத்திருக்காது. அந்தக் கால் நொடியில் வந்து சேரும் 8,000 பைட்டை எங்காவது பிடித்து வைக்க வேண்டும். அந்த இடம் கண்ட்ரோலரின் ரேம்.

ஊனோவின் (ஆர்3 வரையிலான போர்டுகள்) மொத்த ரேமே 2,048 பைட். தொலைபேசித் தரத்தில்கூட கால் நொடிக்கு 2,000 பைட் வந்துவிடும். கார்டில் எழுதும் லைப்ரரிக்குத் தனியாக 512 பைட் வேண்டும். ஆகவே இந்த வேலைக்கு ஊனோ வேண்டாம். 520 கேபி ரேம் உள்ள ஈஎஸ்பி32 போர்டு வாங்குங்கள். அதில் 32 கேபியை பஃபராக, அதாவது வரும் ஒலியைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் இடமாக, ஒதுக்கினால் ஒரு முழு நொடித் தடங்கலையும் தாங்கும். ஐ2எஸ் என்ற டிஜிட்டல் ஒலி இணைப்பு வசதியும் இருப்பதால் ஐஎன்எம்பி441 போன்ற டிஜிட்டல் மைக்கை நேரடியாக இணைக்கலாம். அந்த மைக் ஒவ்வொரு சாம்பிளையும் 32 பிட் இடத்தில் அனுப்பும். 16 பிட்டாகச் சுருக்கிச் சேமியுங்கள், இல்லாவிட்டால் மேலே போட்ட கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

அப்புறம், போலி கார்டுகள். மேலே 64 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே இருப்பது அதில் ஒரு சிறு பங்குதான். பதிவு நன்றாக ஓடுவது போலவே தெரியும், பிறகு திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் குப்பை. வாங்கியதும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக் கார்டையும் நிரப்பி, திரும்பப் படித்துச் சோதியுங்கள். தேறாவிட்டால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.