தண்ணீர் சேர்கிறது, எண்ணெய் எங்கே?

கேள்வி: முதுநிலை ஆய்வுக்காக, வாயுவிலிருந்து எண்ணெய் உண்டாக்கும் ஃபிஷர்–ட்ரோப்ஷ் வினையைச் செய்துபார்க்க, ஒரு சிறிய குழாய் உலையில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் 1:3 விகிதத்தில் செலுத்துகிறேன். கையில் இருந்தது நிக்கல்–அலுமினா வினையூக்கி. 320 டிகிரி செல்சியஸ், சாதாரண வளி அழுத்தம். வெளியேறும் வாயுவைக் குளிர்வித்துத் திரவத்தைப் பிடிக்கும் குளிர்பொறியில் தண்ணீர் மட்டும்தான் சேர்கிறது, எண்ணெய் ஒரு துளிகூட இல்லை. வெப்பநிலையைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: உங்கள் வினையூக்கி நன்றாகவே வேலை செய்கிறது. அந்தத் தண்ணீரே அதற்குச் சாட்சி. கார்பன் மோனாக்சைடிலிருந்து கழன்ற ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. கார்பன் மீத்தேனாகி, பொறியில் நிற்காமல் வெளியே போய்விடுகிறது. 16 கிராம் மீத்தேன் உண்டானால் கூடவே 18 கிராம் தண்ணீர் வரும். வெளியேறும் வாயுவைக் குரோமட்டோகிராஃபில் (வாயுக்கலவையைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஏற்றிப் பாருங்கள், வரைபடத்தில் மீத்தேனின் முகடு உயரமாக நிற்கும். 1902-இல் பிரான்சில் சபாட்டியேவும் சாந்தெரனும் நிக்கலின் மேல் கண்டதும் இதைத்தான்.

எண்ணெய் வேண்டுமென்றால் உலோகத்தை மாற்ற வேண்டும். ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற மாற்றங்களும் தானாகப் புரியும்.

கார்பன் மோனாக்சைடின் பிணைப்பு ஈரணு மூலக்கூறுகளிலேயே மிக வலுவானது. அதை உடைக்க மோலுக்குச் சுமார் 1072 கிலோஜூல் வேண்டும். வெறும் வெப்பத்தால் ஆகிற காரியம் இல்லை. அந்த மூலக்கூறு கார்பன் முனையை ஊன்றி உலோகத்தின் மேல் நிற்கும்போது, உலோகம் தன் எலக்ட்ரான்களில் கொஞ்சத்தை அதன் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் (எலக்ட்ரான் புகுந்தால் பிணைப்பைத் தளர்த்தும் இடம்) தள்ளுகிறது. பிணைப்பு தளர்கிறது. செம்பு போன்ற உலோகம் இதைப் போதுமான அளவு செய்வதில்லை. பிணைப்பு உடையாமலே ஹைட்ரஜன் ஏறுவதால் மெத்தனால் கிடைக்கிறது. டங்ஸ்டன் போன்றது மறுகோடி: உடைத்த கார்பனை விடாமல் பிடித்துக்கொள்ளும். இரும்பு, கோபால்ட், நிக்கல், ருத்தீனியம் ஆகியவை இடைப்பட்டவை. உடைக்கவும் செய்யும், விட்டுக்கொடுக்கவும் செய்யும்.

இப்படி உடைந்த கார்பன் ஹைட்ரஜனோடு சேர்ந்து உண்டாகும் சிஎச்2 துண்டுகள் பரப்பின் மேல் ஒன்றோடொன்று சேர்ந்து சங்கிலியாக நீள்கின்றன. ஒவ்வொரு படியிலும் சங்கிலிக்கு இரண்டே வழி: இன்னொரு கார்பனைச் சேர்த்துக்கொண்டு நீளலாம், அல்லது பரப்பை விட்டுக் கழன்று போகலாம். நீளும் வாய்ப்பைத்தான் ஆல்ஃபா என்கிறோம். உலையில் நீங்கள் திருகும் ஒவ்வொரு திருகும் கடைசியில் இந்த ஒரு எண்ணைத்தான் அசைக்கிறது. ஆல்ஃபா 0.5 என்றால், கணக்குப்படி விளைபொருளின் எடையில் கால் பங்கு மீத்தேன். ஐந்து கார்பனும் அதற்கு மேலும் உள்ளவை 19 சதவீதம்தான். ஆல்ஃபா 0.9 ஆனால் அந்தப் பங்கு 92 சதவீதத்துக்கு ஏறிவிடும், அதில் கணிசமான பங்கு மெழுகு. (கோபால்ட்டில் நடைமுறையில் மீத்தேன் இந்தக் கணக்கை விடக் கூடுதலாகவே வரும், அதைக் கண்டு பயப்படாதீர்கள்.) பெட்ரோலை மட்டும் கொடு என்று எந்த உலோகத்தையும் கேட்க முடியாது: 5 முதல் 11 கார்பன் வரையுள்ள பங்கு என்ன செய்தாலும் பாதியை எட்டாது. அதனால்தான் பல ஆலைகள் முதலில் மெழுகைச் செய்து, அப்புறம் அதை ஹைட்ரஜனோடு உடைத்து டீசல் எடுக்கின்றன.

நிக்கல் ஹைட்ரஜன் ஏற்றுவதில் மிக வேகமானது, சங்கிலி நீள அவகாசமே தராது. நீங்கள் கொடுத்த மூன்று பங்கு ஹைட்ரஜனும், கூட்டிய வெப்பமும் சங்கிலியை இன்னும் சீக்கிரம் கழற்றிவிட்டன. ஆகவே வெப்பத்தைக் குறையுங்கள், அழுத்தத்தைக் கூட்டுங்கள். அலுமினா மேல் கோபால்ட், ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடுக்கு ஹைட்ரஜன் இரண்டு பங்கு, 210 முதல் 220 டிகிரி, 20 பார் (வளி அழுத்தத்தைப் போல் சுமார் 20 மடங்கு). இதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் உலை அந்த அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிலக்கரியிலிருந்து வருவதுபோல ஹைட்ரஜன் குறைந்த வாயுதான் கிடைக்கும் என்றால் இரும்பு நல்லது. வினையின்போது இரும்பு கார்பைடாக மாறி, உண்டாகும் தண்ணீரையே கார்பன் மோனாக்சைடோடு வினைபுரிய வைத்துப் புது ஹைட்ரஜன் எடுத்துக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் சாசோல்பர்க் ஆலை 1955-இல் இரும்பை நம்பித்தான் தொடங்கியது.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது வெப்பத்தைப் பற்றி. ஒவ்வொரு மோல் கார்பன் மோனாக்சைடும் வினைபுரியும்போது சுமார் 165 கிலோஜூல் வெளிவருகிறது. ஒருமுறை என் உலையில் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள், வினையூக்கி நிரப்பிய படுக்கையின் அடியில் இருந்தது, 220 என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் மேல்பகுதி கரிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. வாயு முதலில் தொடும் இடம்தான் அதிகம் சூடாகும். வெப்பம் ஓரிடத்தில் குவியாமல் பரவ, வினையூக்கியைச் சிலிகான் கார்பைடு துகள்களோடு கலந்து நிரப்புங்கள். தெர்மோகப்பிளைப் படுக்கை நெடுக மேலும் கீழும் நகர்த்தி அளந்து பாருங்கள்.

வாயுவில் கந்தகம் துளியும் இருக்கக் கூடாது, உலோகப் பரப்பில் ஒட்டினால் போகாது.

நிக்கலைக் கைவிட்டு மாறும் முன் ஒரு எச்சரிக்கை. உலை குளிரும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளே இருந்தால் நிக்கல் கார்பனைல் உண்டாகும். எளிதில் ஆவியாகும் கொடிய நஞ்சு அது. 200 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன்பே கார்பன் மோனாக்சைடை நிறுத்தி, நைட்ரஜனால் நன்றாகக் கழுவுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கே நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் காட்டும் அலாரம் இல்லாமல் வாயு உருளையைத் திறக்காதீர்கள். ஒடுக்கிய (ஆக்சிஜன் நீக்கி உலோகமாக்கிய) கோபால்ட்டில் திடீரெனக் காற்றுப் பட்டால் கனன்று எரியும், அதையும் நினைவில் வையுங்கள்.

கோபால்ட்டுக்கு மாறிய முதல் நாளும் எண்ணெய் வராமல் போகலாம். உண்டாகும் மெழுகு முதலில் வினையூக்கியின் துளைகளை நிரப்பிய பிறகே வெளியே வரும். உலைக்கு அடியில் சூடான பொறி ஒன்று, அதற்கு அடுத்துக் குளிர்ந்தது ஒன்று வையுங்கள். இடைக்குழாயைச் சுமார் 150 டிகிரியில் வைக்காவிட்டால் மெழுகு உறைந்து அடைத்துக்கொள்ளும். இரண்டொரு நாளில் முதல் பொறியில் மெழுகுவர்த்தி வெள்ளையில் ஒரு கட்டி இருக்கும். இரண்டாவதில் அடியில் தண்ணீர், மேலே தெளிந்த எண்ணெய்ப் படலம்.