பந்து கையில் இல்லாத பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள்

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பாலில் அட்டாக், டிஃபென்ஸ் இரண்டையும் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்லித்தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு பள்ளி மைதானத்தில் மாலை வேளைகளில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி கொடுக்கிறேன். பந்து கையில் இல்லாத பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள் என்பேன்.

பந்தைப் போட்டு 'ஆடுங்க' என்று விட்டால், வெல்லக்கட்டியை ஈ மொய்க்கிற மாதிரி எல்லாரும் பந்தைச் சுற்றி நிற்பார்கள். பந்து வைத்திருப்பவன் குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருப்பான். அதனால் முதல் சில வாரங்களுக்கு டிரிபிளே, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வதே, கிடையாது. பாதி கோர்ட், மூன்றுக்கு மூன்று, பாஸ் மட்டும். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்துக்கு எழுதிய 13 விதிகளிலும், பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்றுதான் இருந்தது. தட்டிக்கொண்டு போவதெல்லாம் பிறகு வந்தது.

டிரிபிள் இல்லையென்றால் மற்ற இரண்டு பேரும் நகர்ந்தே ஆகவேண்டும். அவர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். கூட ஆடுகிறவனிடமிருந்து நாலு மீட்டராவது தள்ளி நில். பாஸ் கொடுத்ததும் நிற்காதே, ரிங்கைப் பார்த்து ஓடு. சாக்பீஸால் தரையில் ஐந்து வட்டம் போட்டு, ஒரு வட்டத்துக்கு ஒருவர்தான் என்று சொல்லிவிட்டால் இடைவெளி தானாக வந்துவிடும்.

ஒருநாள் ஒரு சிறுமி பாஸ் கொடுத்தாள். அவளை மறித்து நின்றவள் பந்து போன பக்கம் தலையைத் திருப்பினாள். அந்த ஒரு நொடியில் இவள் அவள் முதுகுக்குப் பின்னால் நழுவி, திரும்பி வந்த பந்தை வாங்கி, ரிங்குக்குப் பக்கத்தில் ஓடியபடியே எழும்பிப் போடும் லே-அப் போட்டுவிட்டாள்! அதை நான் சொல்லித்தரவே இல்லை.

அங்கேயே ஆட்டத்தை நிறுத்தி டிஃபென்ஸ் பாடத்தை ஆரம்பித்தேன். ஏமாந்த பிள்ளையிடம், ஒரு விரலைப் பந்தின் பக்கமும் இன்னொன்றை உன் ஆளின் பக்கமும் நீட்டு, தலையைத் திருப்பாமலே இரண்டும் கண்ணில் படவேண்டும் என்றேன். அவளே இரண்டடி ரிங் பக்கம் பின்வாங்கி, உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்றாள். பந்து தூரம் போகப் போக இன்னும் உள்ளே வரலாம், அப்போதுதான் தோழி ஏமாந்தாலும் நீ போய் மறிக்க முடியும் என்று சேர்த்துச் சொன்னேன். பந்து வைத்திருப்பவரை மறிக்கும்போது முழங்காலை மடக்கி, கால் பின்னாமல் பக்கவாட்டில் நகரவேண்டும். பார்வை எதிராளியின் இடுப்பில் இருக்கட்டும். தலையும் பந்தும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது.

இந்த வயதில் ஜோன் டிஃபென்ஸ், அதாவது ஆளை விட்டு ஆளுக்கொரு இடத்தைக் காப்பது, வேண்டவே வேண்டாம். சின்னக் கைகளால் தூரத்திலிருந்து ஷூட் பண்ண முடியாது என்பதால் அது மேட்ச் ஜெயித்துத் தரும், ஆனால் தன் ஆளைக் காக்க யாருமே கற்கமாட்டார்கள். அப்புறம், பெரிய பந்தைக் கொடுக்காதீர்கள். 5-ஆம் எண் பந்து போதும். முடிந்தால் ரிங்கையும் 3.05 மீட்டரிலிருந்து, சிறுவர்களுக்கான மினி பாஸ்கெட்பாலின் 2.60-க்கு இறக்குங்கள்.

டிரிபிளைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஒருவருக்கு இரண்டு தட்டு, அதுவும் ரிங்கை நோக்கி மட்டும் என்று ஆரம்பியுங்கள்.