கிளாக் 19-க்கு நைட் சைட்: எதை வாங்குவது, எப்படி மாற்றுவது

வணக்கம் தம்பி. கிரீன் கார்டில் டெக்ஸஸ் வந்து ஓராண்டு ஆகிறது, வீட்டுப் பாதுகாப்புக்காக கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறேன், அந்தி சாய்ந்தால் சைட் (குறிபார்க்க உதவும் முன், பின் முனைகள்) கண்ணுக்கே தெரிவதில்லை, மங்கலில் ஒளிரும் நைட் சைட்டில் எது நல்லது, நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எச்-1பி விசாவில் இருக்கும் அறை நண்பர் கூட இருந்து உதவலாமா என்றும் கேட்டீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதைவிட அதுதான் அவசரம்.

அவர் தொடக்கூடாது. நிரந்தரக் குடியிருப்பாளரான நீங்கள் வைத்திருக்கலாம். எச்-1பி போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) ஐந்து நிமிடம் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் 'வைத்திருத்தல்' கணக்கில் வரும். மாட்டினால் வழக்கோடு அவருடைய விசாவும் போகும். ஒரே வீட்டில் இருப்பதால் பூட்டுப் பெட்டி கட்டாயம், சாவியும் எண்ணும் உங்களிடம் மட்டுமே இருக்கட்டும்.

இனி சைட். நைட் சைட் முழு இருட்டுக்கான கருவி என்று பலர் நினைத்து வாங்குகிறார்கள். முழு இருட்டில் எதிரே நிற்பது யாரென்றே தெரியாது. தெரியாத உருவத்தை நோக்கிக் குறிவைக்கக் கூடாது. அங்கே வேண்டியது டார்ச். டார்ச் அடித்ததும் வெளிச்சம் பட்ட இலக்கின் முன்னே உங்கள் சைட் கறுப்பு நிழலாகத் தெளிவாகத் தெரியும், நைட் சைட்டை ஒளிரவைக்கும் ட்ரிட்டியம் அப்போது தேவையே இல்லை. நைட் சைட்டின் வேலை இதற்கு இடைப்பட்ட நேரத்தில்தான்: ஆள் யாரென்று தெரிகிறது, கையிலிருக்கும் கறுப்புச் சைட் மட்டும் தெரியவில்லை. அந்திப் பொழுது, ஒரு அறை விளக்கு மட்டும் எரியும் கூடம், தெருவிளக்கு கசியும் கார் நிறுத்துமிடம். எனவே பட்ஜெட்டில் முதல் இடம் நல்ல டார்ச்சுக்கு, சைட் இரண்டாவது.

நைட் சைட்டின் உள்ளே இருப்பது சிறு கண்ணாடிக் குழல். அதன் உட்சுவரில் ஒளிரும் பூச்சு, நடுவில் ட்ரிட்டியம் வாயு. ட்ரிட்டியம் உமிழும் எலக்ட்ரான்கள் பூச்சில் மோதி ஒளி வருகிறது, பேட்டரி கிடையாது. கதிரியக்கம் என்றதும் பயப்பட வேண்டாம், அந்த எலக்ட்ரான்கள் கண்ணாடியைத் தாண்டாது. பயனருக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் ஆயுள் உண்டு. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. பூச்சும் கூடவே தேய்வதால் பன்னிரண்டாம் ஆண்டில் பாதிக்கும் குறைவான வெளிச்சமே மிஞ்சும். ஆகவே பழைய துப்பாக்கியோடு வரும் நைட் சைட்டுக்கோ தள்ளுபடியில் கிடக்கும் பழைய ஸ்டாக்குக்கோ கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தயாரித்த ஆண்டைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த வகை? என் கருத்து உறுதியானது: முன் சைட் பளிச்சென்று இருக்க வேண்டும், பின் சைட் அடங்கி இருக்க வேண்டும். முன்னே ஒன்று, பின்னே இரண்டு என மூன்று புள்ளிகளும் ஒரே பச்சை, ஒரே அளவு என்று வரும் பழைய மாதிரியை விட்டுவிடுங்கள். மங்கலில் கைத்துப்பாக்கியின் உருவம் மறைந்து மூன்று பச்சைப் புள்ளிகள் மட்டும் மிதக்கும். முன் புள்ளி நடுவில் நிற்காமல் இரண்டு பின் புள்ளிகளுக்கும் வெளியே, இடது ஓரத்தில் போய் நின்றாலும் மூன்றும் ஒரே வரிசையாகத்தான் தெரியும். கண் 'சரி' என்று ஏமாந்துவிடும், குண்டு வேறெங்கோ போகும். முன்னே பச்சை, பின்னே மஞ்சள் என்று நிறம் பிரித்தாலோ, பின்னே புள்ளியே இல்லாத வெறும் கறுப்பாக இருந்தாலோ இந்தக் குழப்பம் வராது.

முன் சைட்டில் குழலைச் சுற்றி ஆரஞ்சு அல்லது மஞ்சள்-பச்சை வண்ண வளையம் இருக்கிறதா பாருங்கள். ட்ரிட்டியம் ஒளி மிக மெலிது, விளக்கெரியும் அறையில் அது தெரியவே தெரியாது. பகலில் கண்ணை இழுப்பது அந்த வளையம்தான். குழல் நிறம் பச்சையாகவே இருக்கட்டும், மனிதக் கண்ணுக்குப் பச்சைதான் அதிகப் பிரகாசம். ட்ரிஜிகான் எச்டி, அமெரிக்லோ நிறுவனத்தின் வளைய மாதிரிகள் இந்த அமைப்பில் வருகின்றன. மெப்ரோலைட்டும் நல்ல பெயர் உள்ள நிறுவனம், ஆனால் அதன் பழைய மூன்று-புள்ளி செட்டுக்கு மேலே சொன்ன எச்சரிக்கை பொருந்தும்.

அகலமும் பாருங்கள். முன் சைட் 0.125 முதல் 0.140 அங்குலம், பின் சைட்டின் நடு வெட்டு 0.150 அங்குலம் என்றால் இருபுறமும் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், சீக்கிரம் நடுவில் நிறுத்தலாம். பின் சைட்டின் முன்முகம் சரிவாக இல்லாமல் செங்குத்தாக இருப்பதும் நல்லது. ஒரு கை அடிபட்டால் பெல்ட்டில் மாட்டி ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பாகத்தை) இழுக்க அது உதவும்.

மாடல் எண்ணைச் சரிபார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். 17, 19-க்கான செட் வேறு, சிறிய 42, 43-க்கானது வேறு, 20, 21-க்கு இன்னொன்று. முன்னும் பின்னும் ஒரே செட்டாக வாங்குங்கள். உயரம் கலந்தால் குண்டு மேலேயோ கீழேயோ போகும். கிளாக்கின் பின் சைட்டுகள் 6.1, 6.5, 6.9, 7.3 மில்லிமீட்டர் என 0.4 மி.மீ. படிகளில் வருகின்றன. கிளாக் 19-இல் இரண்டு சைட்டுகளுக்கும் இடைவெளி சுமார் 153 மி.மீ. உயரத்தில் 0.4 மி.மீ. மாறினால் 15 கஜத்தில் குண்டு விழும் இடம் சுமார் 36 மி.மீ. நகரும்.

நீங்களே செய்வதா, கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொடுப்பதா? பின் சைட்டைத் தள்ளும் கருவியான சைட் புஷரை ஒரே ஒரு முறைக்காக வாங்குவதில் லாபமில்லை. ஸ்லைடை மட்டும் கழற்றிக் கொண்டுபோகலாம் என்பது புதிதாக வந்தவர்களுக்குத் தெரிவதில்லை. சட்டப்படி கிளாக்கில் துப்பாக்கி என்பது வரிசை எண் பொறித்த பிரேம் (பிடியோடு கூடிய கீழ்ப்பகுதி) தான், ஸ்லைடு உதிரிப் பாகம். முழுத் துப்பாக்கியாகக் கொண்டுபோனால் தோட்டா இல்லாமல், பெட்டிக்குள் வைத்து, கவுன்டரில் வாயால் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்ட பிறகே திறக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்தால் வரிசை இது. தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். முதலில் மேகசினை (தோட்டா நிரப்பும் பெட்டியை) உருவுங்கள், பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் (சுடும்போது தோட்டா இருக்கும் அறைக்குள்) ஏறிவிடும். சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பாருங்கள். கிளாக்கைக் கழற்ற ட்ரிக்கரை அழுத்தியே ஆக வேண்டும், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஸ்லைடைப் பிரித்து, ஸ்ப்ரிங்கையும் பேரலையும் எடுத்துவிடுங்கள்.

முன் சைட் உள்ளிருந்து வரும் ஒரு குட்டித் திருகில் நிற்கிறது. அறுகோணத் தலை, 3/16 அங்குலம். சாதாரண நட் டிரைவரின் சுவர் தடிமனாக இருப்பதால் ஸ்லைடில் இடித்து, தலையைப் பாதி மட்டும் பிடித்து மழுக்கிவிடும். கிளாக்குக்கென்றே மெல்லிய சுவரோடு விற்கும் டிரைவரை வாங்குங்கள். புதிய திருகையும் துளையையும் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். அசிட்டோன் வேண்டாம், வண்ண வளையத்தைக் கரைத்துவிடும். மரையில் நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சிறு துளி போதும். சிவப்பு லாக்டைட்டை அடுத்த முறை கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும், சூடு குழலுக்கு ஆகாது. முறுக்கும்போது சைட்டும் கூடவே திரும்பப் பார்க்கும், இன்னொரு கையால் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு பலத்துக்கு மேல் முறுக்கினால் திருகு அறுந்து பாதி உள்ளேயே தங்கிவிடும்.

பின் சைட் ஸ்லைடில் குறுக்காக வெட்டிய டவ்டெயில் காடியில் இறுக்கமாக அமர்ந்திருக்கும். பழையதை எடுக்கும் முன் அதன் இரு ஓரத்தையும் ஸ்லைடில் மெல்லிய டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். புதியது கையால் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும், மீதியைப் புஷர் தள்ள வேண்டும். அதுகூடப் போகவில்லை என்றால் சைட்டின் அடிப்பகுதியை நுண் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி பொருத்திப் பாருங்கள். ஸ்லைடின் காடியில் அரம் படவே கூடாது. சைட்டைக் கெடுத்தால் நூறு டாலரை ஒட்டிய நஷ்டம், காடியைக் கெடுத்தால் ஸ்லைடே போச்சு. சுத்தியலும் வேண்டாம், அடி நேராகக் குழலில் பட்டால் விரிசல் விழும். அப்படி உடைந்தால் சன்னலைத் திறந்து வெளியே போய், கையைக் கழுவி, தயாரிப்பாளருக்குத் தகவல் சொல்லுங்கள். மங்கிப்போன பழைய குழல்களையும் குப்பையில் போடாமல் அவர்களுக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

நடுவில் நிற்கிறதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். டிஜிட்டல் காலிப்பரால் இருபுறமும் அளந்து பாருங்கள். 0.1 மி.மீ. விலகினாலே 15 கஜத்தில் 9 மி.மீ. தள்ளிப் போகும். ஒரு எச்சரிக்கை: இதே கருவியோடு நண்பர்களின் இன்னொரு வகைக் கைத்துப்பாக்கியான ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி-யில் கை வைக்காதீர்கள். அதில் பின் சைட்டுக்கு அடியில் பாதுகாப்பு ஊசியின் சிறு ஸ்ப்ரிங் மூடியோடு உட்கார்ந்திருக்கிறது, சைட் நகர்ந்ததும் தெறித்துக் காணாமல் போகும்.

லாக்டைட் காய ஒரு நாள் விட்டு ரேஞ்சுக்குப் போங்கள். 15 கஜத்தில் கையை மணல் பையில் தாங்கி, ஐந்து ஐந்து குண்டாக மூன்று தொகுதி சுடுங்கள். தொகுதி இடதுபக்கம் விழுந்தால் பின் சைட்டை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம்தான் பின் சைட்டும் போக வேண்டும். ஆனால் அவசரப்படாதீர்கள். வலக்கைப் புதியவர்களுக்குக் குண்டு கீழே இடதுபக்கம் விழுவது பெரும்பாலும் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுப்பதால். பழகிய ஒருவரைச் சுடச் சொல்லி, அவருக்கும் அதே இடத்தில் விழுந்தால் மட்டும் சைட்டைத் தொடுங்கள். ஐம்பது குண்டு முடிந்ததும் முன் சைட்டை விரலால் அசைத்துப் பாருங்கள், தளர்ந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஊருக்குப் போகும்போது ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். மடிப்பில் ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் காவல் நிலையம் வரை இழுக்கும். இந்திய ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதக் கணக்கில்தான் வரும். அதனால் கழற்றிய பழைய சைட்டும் திருகும் மேசை டிராயரிலேயே இருக்கட்டும்.