கேளுங்கள், சொல்கிறேன்: டோல் போத்தலும் விருந்துச் சாப்பாடும்

வாசகி, பேர்ண்: கணவரோடு வேலை செய்பவர் ஒருவர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். சுவிஸின் வலே மாநிலத்தவர். அவருடைய ஊர் வைன் என்று ‘டோல்’ ஒரு போத்தல் வாங்கிவிட்டேன். இதற்கு என்ன சமைப்பது? உருக்கிய சீஸ் ராக்லெட்டா, ஆட்டிறைச்சிக் கறியா?

இரண்டும் வேண்டாம் சகோதரி. ஆனால் போத்தல் நல்ல தெரிவு.

நான் சமையல் வேலை செய்வது வலேயின் தலைநகர் சியோனில். ரோன் பள்ளத்தாக்கில், சாந்து பூசாமல் கல் அடுக்கிக் கட்டிய படிகளில் விளையும் பினோ நுவார், கமே என்ற இரண்டு கறுப்புத் திராட்சைகள்தான் டோலில் பெரும்பங்கு. அதிலும் வழக்கமாகப் பினோ நுவார்தான் கூடுதல். பினோ வழுவழுப்பைக் கொடுக்கும், கமே பழவாசனையைக் கொடுக்கும். பழத்தில் இனிப்பு போதாமல் டோல் என்ற பெயருக்குத் தகுதி பெறாததை ‘கோறோன்’ என்று மலிவாக விற்பது பழைய வழக்கம். பொத்திப் பொத்தி வைத்துப் பழசாக்கும் வைன் இல்லை டோல். உணவகத்துக்கு வருபவர்கள் போத்தல்கூடக் கேட்பதில்லை, ‘மூன்று டெசி’ என்பார்கள். அளவுக் குடுவையில் 3 டெசிலீற்றர் ஊற்றிக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குச் சரி.

ராக்லெட் வைத்தால் வலேக்காரர் ஃபாந்தான் என்ற வெள்ளை வைனைத்தான் தேடுவார். உருகிய சீஸுக்கு அந்த ஊர்ச் சோடி அதுதான். டோலுக்கு உரிய இடம் அதற்கு முன்னால் மரப்பலகையில் அடுக்கி வரும் குளிர் உணவு: உப்பும் மூலிகையும் தடவிக் காற்றில் உலர்த்தி மெல்லிசாகச் சீவிய இறைச்சி, வயதான மலைச் சீஸ், வினாகிரியில் ஊறிய குட்டி வெள்ளரிக்காய், றை என்ற குளிர்நாட்டுத் தானியத்தில் செய்த கனத்த பாண். அசல் வலே பாணில் நூற்றுக்குத் தொண்ணூறாவது றை மாவாக இருக்கும். அந்தப் புளிப்போடு டோலைக் குடித்துப் பார்த்தால்தான் இந்த வைனை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று விளங்கும். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த உலர்ந்த இறைச்சி மாட்டிறைச்சி. நம்மில் பல வீடுகளில் அது படியேறாது. அப்படியானால் பன்றித்தொடையில் செய்த வலே ஹாம் வாங்குங்கள், குறை ஒன்றுமில்லை.

கறி விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துத் தூள் போட்ட கறியோடு சிவப்பு வைன் சேர்ந்தால் உறைப்பு இரண்டு மடங்காக எரியும், வைனின் ருசியும் காணாமல் போய்விடும். கறி வைக்கத்தான் வேண்டும் என்றால் வையுங்கள், அதற்குத் தண்ணீர் கொடுங்கள். டோலுக்கு மிளகும் உள்ளியும் தடவி அவணில் வாட்டிய கோழி, அல்லது வெண்ணெயில் வதக்கிய காளான் போதும். இலையுதிர் காலம் என்றால் சுட்ட செஸ்நட்டும் சேருங்கள். மான் இறைச்சிக்கு மட்டும் நான் டோலைச் சொல்லமாட்டேன். அதற்குக் கொர்னலான் என்ற கனத்த வலேச் சிவப்பு வைன்தான் தாங்கும்.

அப்புறம், சூடாக்கிய வரவேற்பறையில் போத்தலை நாள் முழுக்க நிற்கவிடாதீர்கள். திறப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பு பிரிட்ஜில் வையுங்கள். 14 முதல் 16 பாகை அளவில் நன்றாக இருக்கும்.

வாசகர், சூரிச்: கடையில் ‘டோல் பிளாஞ்ச்’ கண்டேன். வெள்ளை வைனா?

பெயர்தான் வெள்ளை, பழம் அதே கறுப்பு. நிறம் தோலில்தான் இருக்கிறது, சாறு வெளிறியது. தோலோடு ஊறவிடாமல் உடனே பிழிந்தால் இளஞ்சிவப்பாக வரும். நன்றாகக் குளிரவைத்து ஏரி மீன் பொரியலோடு குடியுங்கள்.

வாசகி, லுற்சேர்ன்: நான் குடிப்பதில்லை. விருந்துகளில் சங்கடமாக இருக்கிறது.

சங்கடம் எதற்கு? ராக்லெட்டுக்கும், உருக்கிய சீஸில் பாண் தோய்த்துச் சாப்பிடும் ஃபொண்டூவுக்கும் பால் சேர்க்காத சூடான தேநீர் குடிக்கும் சுவிஸ்காரர் ஏராளம். மற்றைய நாட்களில் அப்பிள் ஜூஸ் கேளுங்கள். கிளாஸைத் தட்டும்போது மட்டும் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். கிளாஸில் என்ன இருக்கிறது என்பதைவிட அதைத்தான் இங்கே கவனிப்பார்கள்.